கங்கைமுகத் தீவுகளும் கரையின் கணக்கும்

கங்கை கடலோடு கலக்குமிடத்தில் வாழும் ஜனங்களுக்கு வைகாசி மாதம் அச்சத்தின் மாதமாகிவிட்டது. 2009-ஆம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி ஐலா என்னும் புயல். 2020-ஆம் வருஷம் மே 20-ந் தேதி அம்பன். அடுத்த வருஷமே மே 26-ந் தேதி யாஸ். ஒவ்வொரு முறையும் கரைகள் உடைந்தன. உப்புநீர் வயலுக்குள் புகுந்தது. மந்திரிகள் விமானத்திலிருந்து பார்வையிட்டார்கள். நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. நீர் வடிந்ததும் தேசத்தின் கவனமும் வடிந்துபோயிற்று.

புயல் வருவது இயற்கையின் செயல். அதற்கு எந்தச் சர்க்காரையும் நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் போவதில்லை. ஆனால் வந்த புயலின் நீர் எந்த ஊருக்குள் புகும், எவ்வளவு ஆழம் நிற்கும், எத்தனை மாதம் அந்நிலத்தைப் பாழாக்கும் என்பவற்றுள் பெரும்பகுதி மனிதர் செய்த தீர்மானங்களின் விளைவாகும். அத்தீர்மானங்களை விசாரணைக்குக் கொண்டுவருவதே இன்று நமது நோக்கம்.

முதலில் நிலத்தின் வரலாற்றைக் கவனிப்போம். இந்தியாவுக்குட்பட்ட சுந்தரவனத்தில் 102 தீவுகள் உள்ளன. அவற்றுள் 54 தீவுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அக்குடிகளைக் காப்பவை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள கரைகள். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வெறும் மண் கரைகள். இத்தீவுகள் ஆறுகள் கொணர்ந்த வண்டலால் ஆனவை. தினம் இருமுறை ஏறும் ஓதம் வண்டலைப் பரப்பிப் பரப்பி நிலத்தை உயர்த்திவந்தது. அவ்வேலை முடியுமுன்பே, 1770-களில், கும்பெனியார் நில வரியை முன்னிட்டு இக்காடுகளைக் குத்தகைக்கு விடத் தொடங்கினார்கள். காடு வெட்டப்பட்டது, கரை எழுப்பப்பட்டது. கரைக்கு வெளியே தடுக்கப்பட்ட வண்டல் ஆற்றின் அடியில் படிந்து ஆற்றை உயர்த்திற்று. கரைக்கு உள்ளே நிலம் பழைய மட்டத்திலேயே நின்றது. ஆகவே இன்று பல ஊர்களில் ஓதம் ஏறும் வேளையில் வயலைவிட ஆற்றுநீர் உயரத்தில் நிற்கிறது. மழைநீரை மதகு வழியாக வெளியேற்றுவதற்கும் ஓதம் இறங்கும் வேளைக்குக் காத்திருக்க வேண்டும். கரையானது இத்தீவுகளைக் காப்பாற்றவும் செய்தது. தாழ்ந்த நிலையிலேயே நிறுத்தவும் செய்தது. இந்த முரணை அறியாமல் பேசும் பேச்செல்லாம் வீண்பேச்சு.

எச்சரிக்கை இல்லாமற் போயிற்று என்று எவரும் சொல்ல முடியாது. கங்காசாகர யாத்திரையால் தமிழ் மக்களும் அறிந்த சாகரத் தீவைத் திருத்திப் பயிரிடுவதற்கு 1818-ஆம் வருஷத்திலேயே ஒரு சங்கம் ஏற்பட்டது. 1864-ஆம் வருஷத்துப் புயலில் அத்தீவில் இருந்த ஐயாயிரத்துச் சொச்சம் ஜனங்களில் நாலில் ஒரு பங்கினரே பிழைத்தனர். மாதலா நதிக்கரையில் கானிங் துறைமுகம் கட்ட யோசித்தபோது, சுழற்புயலுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரைச் சூட்டிய ஹென்றி பிடிங்டன் என்பவர், அவ்விடம் கடற்பெருக்குக்கு இரையாகும் என்று 1853-ல் கவர்னர்-ஜெனரல் டல்ஹௌஸிக்குப் பகிரங்கமாக எழுதினார். அதிகாரிகள் செவிசாய்க்கவில்லை. 1867-ல் புயல் வந்து துறைமுகத்தைச் சிதைத்தது. சில வருஷங்களுக்குள் அது கைவிடப்பட்டது. அன்னிய ஆட்சியின் காலத்தில் அறிந்தவன் சொல் அம்பலம் ஏறவில்லை. சுயராஜ்யத்திலும் அவ்வாறே நடக்குமானால், ஆட்சி மாறியதன் பயன் யாதென்று அத்தீவின் குடியானவன் கேட்பது நியாயமே.

ஆபத்தை மதிப்பிடுதல் என்பது பயமுறுத்தலன்று. அது ஒரு கணக்கு. வெள்ளம் வருவதற்குள்ள சாத்தியம் எவ்வளவு? வந்தால் அகப்படும் உயிரும் உடைமையும் எவ்வளவு? அகப்பட்டவர் தாங்கி எழுவதற்குள்ள சக்தி எவ்வளவு? இம்மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே மதிப்பீடு. 'நூறு வருஷத்துக்கொரு வெள்ளம்' என்றால் இன்னும் நூறு வருஷம் நிம்மதி என்று பலர் எண்ணுகிறார்கள். அது பிழை. ஒவ்வொரு வருஷமும் நூற்றிலொரு பங்கு சாத்தியம் என்பதே அதன் பொருள். அப்படிப்பட்ட கரையின் பின்னால் முப்பது வருஷம் குடியிருப்பவன் ஒரு முறையேனும் வெள்ளத்தைக் காண்பதற்குள்ள சாத்தியம் நூற்றுக்கு 26. 'இருபது வருஷத்துக்கொரு வெள்ளம்' வரையில் மட்டும் தாங்கும் கரையானால், அது நூற்றுக்கு 79 ஆகிறது. முப்பது வருஷம் என்பது ஒரு குழந்தை வளர்ந்து குடும்பியாகும் காலம். கரையின் உயரத்தை நிர்ணயிக்கும்போது இவ்வளவு பெரிய சூதாட்டத்தில் எவருடைய பிள்ளைகளைப் பணயம் வைக்கிறோம் என்பதை உத்தியோகஸ்தர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஹாலந்து தேசத்தார் இக்கணக்கைப் போட்டார்கள். 1953-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி கடல் புகுந்து அங்கே 1,836 பேரைக் கொண்டுபோயிற்று. உடனே ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. கரையை ஓரடி உயர்த்தும் செலவையும், உயர்த்தாவிட்டால் நேரக்கூடிய நஷ்டத்தையும் கணித சாஸ்திரிகள் ஒப்பிட்டார்கள். தேசத்தின் ஜீவநாடியான மத்திய ஹாலந்தின் கடற்கரைக்குப் பதினாயிரத்தில் ஒரு பங்கு சாத்தியமுள்ள வெள்ளத்தையும் தாங்கவேண்டுமென்று அளவு விதிக்கப்பட்டது. ஹாலந்து செல்வ தேசம், சுந்தரவனம் ஏழை நாடு என்று சிலர் கூறலாம். பதினாயிரத்திலொன்று என்ற அளவை நாம் கேட்கவில்லை. ஓர் அளவு வேண்டும், அது ஜனங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றே கேட்கிறோம். கணக்கிடுவதற்குச் செல்வம் வேண்டாம். உண்மை பேசும் துணிவு போதும்.

காற்றின் வேகம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வதும் தவறு. யாஸ் புயல் கரையேறியது ஒடிஷாவின் பாலேசுவரத்துக்கு அருகில். ஆயினும் அன்று பௌர்ணமி. ஓதம் உச்சத்திலிருந்த வேளையில் புயலின் நீரும் சேர்ந்துகொள்ளவே, தொலைவிலிருந்த சாகரத் தீவிலும் கோராமாரா தீவிலும் கடல்நீர் ஊருக்குள் புரண்டது. மேலும், கரை எப்போதும் மேலே நீர் வழிந்துதான் உடைவதென்பதில்லை. ஆற்றின் வேகம் அடியை அரித்தும் உடைகிறது. அடி அரிக்கப்படும் இடத்தில் முடியை உயர்த்துவது, அஸ்திவாரம் கரைந்த வீட்டுக்கு மாடி கட்டுவது போலாகும்.

இனி நிர்வாகத்தைப் பார்ப்போம். ஐலாவில் 778 கிலோமீட்டர் கரை சேதமடைந்தது. அதைப் புதிதாகவும் உறுதியாகவும் கட்ட 5,032 கோடி ரூபாய்த் திட்டம் அங்கீகாரம் பெற்றது. அதில் சிறு பகுதியே வேலையாயிற்று. பெரும் பகுதி செலவாகவே இல்லை. காரணம் என்ன? அகன்ற கரைக்கு அகன்ற நிலம் வேண்டும். அந்நிலமோ ஓரிரண்டு பிகா வைத்துப் பிழைக்கும் ஏழையின் நிலம். பழைய கரைகளுக்காக நிலமிழந்தும் ஈட்டுத்தொகை காணாத குடும்பங்களின் நினைவு அவ்வூர்களில் மறையவில்லை. ஆகையால் குடியானவன் மறுத்தான், உத்தியோகஸ்தன் ஒதுங்கினான், கடல் மட்டும் காத்திருக்கவில்லை. குடியானவனைப் பிடிவாதக்காரனென்று ஏசுவது எளிது. ஊர் முழுவதையும் காக்கும் கரைக்கு ஒருவன் மட்டும் தன் ஜீவனத்தைத் தத்தம் செய்யவேண்டுமென்பது எந்தத் தர்மசாஸ்திரத்திலும் இல்லை. முன்கூட்டியே ரொக்கமாக நியாய விலை, அல்லது மாற்று நிலம். இவ்விரண்டில் ஒன்றைக் கையில் கொடுத்தபின்பே மண்வெட்டி விழவேண்டும்.

'எல்லாவற்றையும் சிமெண்டுக் கரையாக்கிவிடுக' என்பது ஒரு கட்சி. 'ஜனங்களை அப்புறப்படுத்திவிட்டுத் தீவுகளைக் காட்டுக்கு விட்டுவிடுக' என்பது மற்றொரு கட்சி. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. குழைந்த சேற்றின்மேல் நிற்கும் சிமெண்டுக்கு அடி அரிப்பைத் தடுக்கும் மந்திரசக்தி கிடையாது. லக்ஷக்கணக்கானவரை ஓர் உத்தரவால் பெயர்ப்பதோ, வெள்ளத்துக்குப் பதிலாக ராஜாங்கமே செய்யும் வெள்ளமாகும்.

எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று பிரித்தறிவதே விவேகம். முன்னால் சேற்றுத்திட்டு வளர்ந்துவரும் கரைக்கு அலையாத்திக் காடு நல்ல கவசம். ஆனால் திட்டே அரிக்கப்படும் இடத்தில் கோடிக்கணக்கில் நட்டாலும் செடி நிலைக்காது. எண்ணிக்கை மட்டும் அறிக்கையில் நிலைக்கும். அங்கே கரையைப் பின்வாங்கிக் கட்டி, இடைப்பட்ட நிலத்தைக் கடலுக்குக் கப்பமாகக் கொடுத்தலே முறை. வண்டல் நிறைந்த உள்நாட்டு ஆறுகளின் ஓரத்தில் வேறொரு வழியுமுண்டு. பங்களாதேசத்தின் குல்னா பிரதேசத்தில், தேங்கிய நீரால் வாடிய ஜனங்கள் 1990-ல் தாமே கரையை வெட்டி, டாகாத்தியா என்னும் பள்ளத்துக்குள் ஓதத்தை விட்டார்கள். ஓதம் கொணரும் வண்டல் பள்ளத்தை உயர்த்தும், ஆறும் ஆழமாகும் என்ற கிராமத்தாரின் அறிவைப் பின்னர் இன்ஜினியர்களும் முறையாகக் கைக்கொண்டார்கள். அந்த வருஷங்களில் பயிரிழப்பவனுக்கு ஈடு கொடுத்தாலன்றி இவ்வழி செல்லாது என்பதையும் மறக்கலாகாது.

கரை எவ்வளவு சிறந்ததாயினும் ஒருநாள் தோற்கும் என்று எண்ணிச் செய்யும் ஏற்பாடே உயிரைக் காப்பது. 1970-ல் கிழக்கு வங்கத்தைத் தாக்கிய புயலில் மூன்று லக்ஷத்துக்குக் குறையாமல் மாண்டனர். 2007-ல் அதே கரையோரத்தை சித்ர் தாக்கியபோது மாண்டோர் சுமார் 3,400. இத்தனை வேற்றுமைக்கு முக்கிய காரணங்கள் எச்சரிக்கையும், உயர்ந்த புகலிடங்களும், வீடுவீடாகச் சென்று அழைத்த தொண்டர்களுமேயாவர். ஆனால் உயிர் தப்பியவனின் வயலில் உப்பு இருந்தால் அவன் ஊரில் இருக்க மாட்டான். ஐலாவுக்குப்பின் சுந்தரவனத்து வாலிபர்கள் கூலி தேடித் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் வந்தார்கள். நம் நகரங்களில் கட்டட வேலை செய்யும் வங்காளத் தொழிலாளிகளில் சிலரை இங்கே தள்ளியது உடைந்த கரையே. ஆகையால் இது நமக்குச் சம்பந்தமில்லாத விவகாரமன்று.

லோஹாசாரா தீவு மறைந்தது. கோராமாரா தன் நிலத்தில் பாதிக்குமேல் இழந்தது. அங்கிருந்து பெயர்ந்தவர்கள் சாகரத் தீவில் குடியேற்றப்பட்டார்கள். அந்தச் சாகரத்தின் தென்கரையையே இப்போது கடல் அரித்துவருகிறது. அகதியை ஆபத்திலிருந்து ஆபத்துக்கு மாற்றுவது புனர்வாழ்வாகாது.

தேசத்தொண்டர்கள் சட்டசபையிலும் மேடையிலும் கேட்கவேண்டியவை மூன்று. ஒவ்வொரு கரையும் எந்த அளவு வெள்ளத்தைத் தாங்கும் என்பதை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்துச் சாவடியில் வங்காள மொழியில் எழுதி ஒட்டவேண்டும். கரைக்கு நிலம் கொடுப்போருக்கு வேலை தொடங்குமுன் ஈடு கொடுக்கவேண்டும். காக்க முடியாத ஊர் எதுவென்று சர்க்கார் முன்னதாகவே ஒப்புக்கொண்டு, அவ்வூராரின் சம்மதத்தோடு, உயர்ந்த நிலத்தில் மனையும் பிழைப்பும் ஏற்படுத்தித் தரவேண்டும். நிவாரண அரிசியைச் சர்க்கார் தானமாக வழங்கலாம். அபாயத்தின் அளவைத் தானமாக வழங்க இயலாது. அதை அறிவது பிரஜையின் உரிமை. அடுத்த வைகாசிக்குமுன் அந்த அளவு அவனுக்குச் சொல்லப்படுமா என்பதே நம் கேள்வி.