காலணிக் காசும் பிடியரிசியும்

மீனவர் குடியிருப்புகளில் மாலைப் பாடம் நடத்துவோர், உப்பளத் தொழிலாளரின் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நின்றுவிடாமல் காப்போர், படிப்பை முடித்த இளைஞருக்குத் தொழில் பழக்குவோர் எனத் தொண்டு நிறுவனங்கள் தூத்துக்குடிக் கரையில் உண்டு. அவற்றுள் பல தொடங்கிய அளவிலேயே நின்றுவிடுவதற்குப் பணமின்மை மட்டுமே காரணமன்று. பணம் வரும் வகையும் காரணமே. நிதியாண்டு முடியும் மார்ச்சு மாதத்தில் புத்தகப் பைகள் வந்திறங்கும். பள்ளியின் பெயரினும் பெரிதாகக் கொடையாளர் பெயர் அவற்றின்மேல் அச்சாகியிருக்கும். நிழற்படம் எடுத்து முடிந்ததும், ஏப்ரல் மாதம் ஆசிரியைக்கு ஊதியம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், அது நிர்வாகச் செலவு, எங்கள் விதியில் அதற்கு இடமில்லை என்று விடை வரும்.

இக்கரைக்கு இக்கேள்வி புதிதன்று. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை ஊர்கள், போர்த்துக்கல் அரசி கத்தரீனின் காலணிச் செலவுக்கென ஆண்டுதோறும் 4000 பணம் செலுத்தி வந்தன. 1542-இல் இங்கு வந்த மறைபரப்பாளர் சவேரியார் அத்தொகையைச் சிறுவர்க்குக் கற்பிப்போருக்கு விட்டுத்தருமாறு அரசியிடம் வேண்டிப் பெற்றார். அதைக்கொண்டு கோயிலும் கட்டவில்லை, விழாவும் எடுக்கவில்லை. ஊர்தோறும் அமர்த்திய கணக்கப்பிள்ளைகளுக்கு அது ஊதியமாயிற்று. அவர்கள் கற்பித்தது மறைப்பாடம். அதுபற்றிய வழக்கு வேறு. சவேரியார் இக்கரையில் நெடுங்காலம் தங்கவில்லை. அவர் போன பின்னும் பிள்ளைகள் கூடியதற்கு, கற்பிப்பவர் ஊரிலேயே இருந்ததும் அவருக்குக் கூலி கிடைத்ததும் காரணங்கள். அரசியின் கொடையென்று வரலாறு இதனைப் புகழ்வதுண்டு. மூச்சடக்கி மூழ்கியவர் ஈட்டிய காசன்றோ அவர் பிள்ளைகளுக்கே திரும்பி வந்தது!

அரசி இன்றியே இதனினும் திறம்படச் செய்தவர்கள் விருதுநகர் வணிகர்கள். சரக்கின்மீது தமக்குத்தாமே விதித்துக்கொண்ட மகமையைப் பொதுநிதியாக்கினர். அவ்வூர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுகளும் பங்களித்தன. அரிசி களைந்து உலையில் இடுமுன் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள் வீட்டுக்காரி. வீடு வீடாக அதைத் திரட்டி விற்ற காசு பள்ளிக்குச் சேர்ந்தது. அப்பள்ளியில் படித்தவர் காமராசர். பிடியரிசியின் சிறப்பு அதன் சிறுமையில் இல்லை, தவறாமையில் இருந்தது. அடுத்த மாதமும் வருமென்று தெரிந்தால்தான் ஆசிரியரை நம்பிக்கையோடு அமர்த்த முடியும். அக்கூட்டுறவுப் பழக்கத்தின் வழியிலேயே 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுவே. மகமை ஒரு சமூகத்தார் தமக்கென வகுத்துக்கொண்ட நிதி என்னும் குறையை மறைக்க வேண்டியதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தின் செல்வத்திலோ எல்லாச் சமூகத்தாரின் வியர்வையும் உண்டு. அதிலிருந்து வரும் கொடை ஒரு சமூகத்தின் வேலிக்குள் அடங்கலாகாது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது ஊரார் பங்கும் அரசின் பங்கும் ஒரே அடுப்பில் சேர்ந்தன என்பதும் நினைக்கத் தக்கது.

இன்று அந்த மகமையைச் சட்டமே விதித்துள்ளது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1000 கோடி, நிகர இலாபம் ரூ.5 கோடி ஆகியவற்றுள் ஒன்றையேனும் எட்டிய நிறுவனம், மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் தொழில் செய்யும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். விதியில் இடமில்லை என்னும் சாக்கு இங்கே செல்லாது. 5 விழுக்காடு என்னும் வரம்பு கொடுக்கும் நிறுவனத்தின் சொந்த நிர்வாகச் செலவுக்கே உரியது. பாடம் நடத்தும் ஆசிரியையின் ஊதியம் திட்டச் செலவே. தொடங்கிய ஆண்டு நீங்கலாக மேலும் மூன்றாண்டு தொடரும் பணிகளையும் விதி ஏற்கிறது. ஓராண்டு உடன்படிக்கை சட்டத்தின் கட்டாயமன்று, கொடுப்போரின் வழக்கமே.

முத்துப் பார்களை ஆண்டவர்கள் இவ்வளவு அவசரப்படவில்லை. ஆட்களை இறக்கி மாதிரிச் சிப்பி எடுத்துப் பார்ப்பார்கள். இளஞ்சிப்பி என்றால் குளிப்பை அறிவிக்காமல் திரும்புவார்கள். பதினான்கு வயதில் மாலைப் பாடத்துக்கு வரும் சிறுவன் தொழில் கற்று நிலைபெற ஆறேழு ஆண்டு ஆகும். அதன் பயனைப் பன்னிரண்டாம் மாத அறிக்கையில் கேட்பது அறியாமை. தொண்டு நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. கொடுத்தவர் முன்னும் ஊரார் முன்னும் கணக்கை விரித்துவைக்கக் கூசும் நிறுவனம் நெடுங்கால உதவி கேட்கத் தகுதியற்றது.

நாம் வேண்டுவன இரண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தையும் அதைச் சூழ்ந்த ஆலைகளையும் நடத்தும் நிறுவனங்கள் ஆளுக்கொரு பையாகக் கொடுப்பதை விடுத்து, விதி அனுமதிக்கும் கூட்டுமுறையில், தேர்ந்த சில இளைஞர் அமைப்புகளுக்கு நான்காண்டு ஊதியச் செலவை ஏற்கட்டும். இரண்டாவது, மைய அரசுக்குரியது. தொண்டு நிறுவனத்தின் மூலநிதிக்குத் தருவதைச் சட்டம் கோரும் சமூகப் பணிச் செலவாகக் கணக்கிடலாகாது என 2021 சனவரி முதல் தடை உள்ளது. பணம் பயன்படாமல் தேங்கக்கூடும் என்னும் அச்சம் விளங்குகிறது. ஆயினும் மூலநிதியே இல்லாத நிறுவனம் ஒவ்வோர் ஏப்ரலிலும் கையேந்தியே நிற்கும். ஆண்டுத் தணிக்கையை வெளியிடும் அமைப்புகளுக்கேனும், உச்சவரம்பு ஒன்றை வகுத்து, நிறுவன விவகார அமைச்சகம் அத்தடையைத் தளர்த்த வேண்டும்.