முந்நூறு சொற்களில் ஒரு வாழ்வு

இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடை வாசலில் நிற்கும்போது, நாற்பதை நெருங்கும் நண்பர் ஒருவர் தயங்கியபடி பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டுவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. கவிதையாக இருக்குமோ என்ற உள்ளூர அச்சத்துடன் வாங்கிப் பார்த்தால், அது மேலாண்மைக் கல்லூரிக்கான விண்ணப்பக் கட்டுரையாக இருக்கும். "நீங்கள் எழுதுகிறவர்கள்தானே, கொஞ்சம் மெருகேற்றித் தாருங்கள்" என்பார். இந்த மெருகைப் பற்றித்தான் நாங்கள் இங்கே சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

பத்துப் பதினைந்தாண்டுகள் பணியாற்றியவர்கள் மீண்டும் மாணவராவது புதிய செய்தியன்று. சிகாகோ பல்கலைக்கழகம் 1943-இலேயே பணியிலிருக்கும் மேலாளர்களுக்கான எம்.பி.ஏ. வகுப்பைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் ஹைதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் 2001-இல் ஓராண்டுப் படிப்புடன் திறக்கப்பட்டது, அகமதாபாத் ஐ.ஐ.எம். 2006-இல் அனுபவசாலிகளுக்கான ஓராண்டு உறைவிடப் படிப்பைக் கொண்டுவந்தது. அதுவரை பட்டயம் மட்டுமே வழங்கிவந்த ஐ.ஐ.எம்.களுக்கு 2017-இல் நிறைவேறிய சட்டம் பட்டமளிக்கும் உரிமையைத் தந்தது. இவற்றுக்கு நடுவே, சில மாதங்களில் முடிந்துவிடும் இணையவழிச் சான்றிதழ் வகுப்புகளும் பெரிய கல்லூரிகளின் பெயரைத் தாங்கி வருகின்றன. பட்டமும் சான்றிதழும் ஒன்றல்ல. முடிவில் கைக்கு வரும் தாளின் பெயர் என்ன என்று கேட்டுத் தெளிவது விண்ணப்பதாரரின் முதற்கடமை.

இளைஞனின் விண்ணப்பத்துக்கும் நடுவயதினரின் விண்ணப்பத்துக்கும் உள்ள வேறுபாடு மதிப்பெண்ணில் இல்லை. முன்னவனுக்கு இழப்பதற்கு அதிகமில்லை. பின்னவருக்கோ வீட்டுக்கடனின் மாதத் தவணை இருக்கிறது, பள்ளி மாறவேண்டிய பிள்ளை இருக்கிறது, ஊரில் மூட்டுவலியோடு தனித்திருக்கும் தாய் இருக்கிறாள். பரிந்துரைக் கடிதத்துக்காக மேலதிகாரியின் அறைக்குள் நுழையும் கணத்திலேயே, "நான் இங்கிருந்து போக நினைக்கிறேன்" என்பதை அவர் சொல்லிவிட்டவராகிறார். இடம் கிடைக்காவிட்டால் அதே நாற்காலியில், அதே கண்களுக்கு முன்னால் மீண்டும் அமர்ந்தாகவேண்டும். இத்தனைக்கும் துணிந்த ஒருவர், தன்னைப் பற்றிச் சொல்லவேண்டிய இடத்தில் மட்டும் கோழையாகிவிடுவது ஏன் என்பதே எங்கள் கேள்வி.

ஜி-மேட் தேர்வு இன்று இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. 2024 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த புதிய வடிவத்தில் கட்டுரைப் பகுதியே கிடையாது. எனவே எழுத்தின் சுமை முழுவதும் விண்ணப்பக் கட்டுரைகளின் மீது இறங்கியிருக்கிறது. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இப்போது, உங்கள் தோல்வியொன்றைக் கூறுக: பெரும்பாலும் 300 முதல் 500 சொற்களுக்குள் விடை தரவேண்டும். வாழ்நாளில் அறிக்கைகளையும் மின்னஞ்சல்களையும் தவிர வேறெதையும் எழுதாத ஒருவர் முதன்முதலாகத் தன்வரலாறு எழுத அமரும் தருணம் இது. அவர் எழுதித் தருவதோ, தோல்வியைப் போல உடையுடுத்திய வெற்றிக்கதை. 'அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை' என்று முடியும் கட்டுரைகளை நாங்கள் வேண்டிய மட்டும் படித்துவிட்டோம்.

ஒரு நண்பரின் கட்டுரை நினைவில் நிற்கிறது. அவர் நடத்திய திட்டமொன்று கைவிடப்பட்டது. அவருக்குக் கீழிருந்த இருவர் வேலையிழந்தனர். கட்டுரையில் சந்தை மாறியது, அதிலிருந்து அவர் தலைமைப்பண்பு கற்றார். தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவரே வாய்மொழியாகச் சொன்னது வேறு: கெடு தவறப்போகிறது என்பது இரண்டு மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும், சொல்ல அஞ்சி வாளாவிருந்தார். தாளில் இல்லாத அந்த ஒரு வாக்கியமே அவர் எழுதியிருக்கவேண்டிய கட்டுரை.

நம்மவர் ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களை அவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அவற்றில் மனம் பற்றாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. ஏழாண்டுகள் கழித்து, 1887-இல், சிந்தாமணி அவர் பதிப்பில் வெளிவந்தது. பெரும்புகழ் எய்தி முதுமையடைந்தபின், 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கிய 'என் சரித்திர'த்தில், அந்தத் தலைகுனிவை அவர் மறைக்கவில்லை. அறியாமையை ஒப்புக்கொண்ட இடத்திலிருந்தே அவருடைய உண்மையான பணி தொடங்கியது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

'போட்டி மிகுந்த உலகில் உண்மை எடுபடுமா?' என்று கேட்கப்படலாம். எடுபடாமலும் போகலாம்; அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் பெற்று எழுதித்தருவோரும், நொடிப்பொழுதில் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவும் மலிந்துவிட்ட காலத்தில், வழவழப்பான வாக்கியம் எவருக்கும் கிடைக்கும் சரக்காகிவிட்டது. அந்த இரண்டு மாத மௌனமோ நண்பர் ஒருவருக்கு மட்டுமே உரியது. தவிரவும், இரண்டாம் முறை மாணவராகப் போகிறவர், எதைக் கற்கத் தவறினோம் என்று தனக்கேனும் தெளிவாகச் சொல்லிக்கொள்ளாவிட்டால், அந்த ஓராண்டும் அத்தனை லட்சங்களும் எதற்கு?

நண்பர் கட்டுரையைத் திருப்பி எழுதினார், முதலில் தமிழில், நடந்தது நடந்தபடி, பிறகு ஆங்கிலத்தில். ஒரு கல்லூரி நேர்காணலுக்கு அழைத்தது, இன்னொன்று அழைக்கவில்லை. அதற்குக் கட்டுரைதான் காரணமா என்பதை எவரால் சொல்லமுடியும்? வேலையிழந்த இருவரில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து அவர் நெடுநேரம் பேசினார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே தாள்களை நீட்டும் நண்பர்களுக்கு எங்கள் விடை இதுதான்: பிழைகளைத் திருத்தித் தருவோம், மெருகேற்றித் தரமாட்டோம். தேநீருக்கு நாங்களே காசு கொடுத்துவிடுகிறோம். நடந்ததை முதலில் சொல்லுங்கள்.