கால்கள் ஓய்ந்தாலும் கடமை ஓய்வதில்லை

"அவன் கதை முடிந்தது." முள்ளந்தண்டு முறிந்து கால்களில் உணர்விழந்தவனைப் பற்றி நம்மவர் வழங்கும் தீர்ப்பு இது. விசாரணையில்லை, சாட்சியில்லை, குற்றஞ்சாட்டப்பட்டவனின் வாய்மொழியைக் கேட்பாருமில்லை. சட்டம் பயின்றவன் என்ற முறையில் இத்தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்கிறேன். வாசகர்களே நீதிபதிகள்.

முதலாவது சாட்சி ஜேர்மனியின் வொல்ப்காங் ஷொய்ப்ளே. சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிளவுண்ட ஜேர்மனியை ஒன்றாக்கிய உடன்படிக்கைக்குப் பேச்சு நடத்திய அமைச்சர். இரு ஜேர்மனிகளும் இணைந்து ஒன்பது நாட்களே கழிந்த நிலையில், 1990 ஒக்டோபர் 12ஆம் நாள், தேர்தற் கூட்டமொன்றில் மனநோயாளி ஒருவர் அவரைச் சுட்டார். குண்டு முள்ளந்தண்டைத் தாக்கியது. அன்று தொட்டு இறக்கும்வரை சக்கர நாற்காலியே அவருக்குத் துணை.

அவர் கதை முடிந்ததா? சில மாதங்களில் அமைச்சுப் பணிக்குத் திரும்பினார். 1991 ஜூன் 20ஆம் நாள், தலைநகர் பொன்னா பேர்லினா என்ற விவாதத்தில் அவர் ஆற்றிய உரை பலருடைய மனத்தை மாற்றியது என்பர். பேர்லின் 338க்கு 320 என்ற வாக்குகளால் வென்றது. 2009 முதல் 2017 வரை நிதி அமைச்சர். 2017 முதல் 2021 வரை பாராளுமன்றத் தலைவர். 2023இல் மறையும்வரை ஐம்பத்தொரு ஆண்டுகள் பாராளுமன்ற உறுப்பினர். கையால் மிதித்தோட்டும் சைக்கிளில் நெடுந்தூரம் செல்வதையும் அவர் விடவில்லை.

இரண்டாவது சாட்சி சுவிற்சர்லாந்தின் ஹைன்ஸ் பிரை. 1978இல், இருபது வயதில், மலையோட்டப் பந்தயமொன்றில் விபத்துக்குள்ளாகிக் கால்களின் இயக்கத்தை இழந்தார். ஓட்டக்காரனுக்குக் கால் போனால் எஞ்சுவது என்ன? தோளும், கையும், இருதயமும், நுரையீரலும் எஞ்சின. மூன்று சக்கரப் பந்தய நாற்காலியின் வளையத்தைக் கையால் தள்ளி, 1999இல் ஜப்பானின் ஒயிற்றா நகரில் 42 கிலோமீற்றர் மரதனை ஒரு மணி 20 நிமிடம் 14 விநாடியில் முடித்தார். பராலிம்பிக் போட்டிகளில் 15 தங்கப் பதக்கங்கள் பெற்றார். 2021இல் தோக்கியோவில், 63 வயதில், கைச்சைக்கிள் வீதிப் பந்தயத்தில் வெள்ளியும் பெற்றார்.

"அவர்கள் செல்வ நாட்டினர், நமக்கேது அவ்வசதி?" என்று எதிர்த்தரப்பு வாதிடும். அவ்வசதிகள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் முண்ணாண் முறிந்தோரில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து 1939இல் தப்பி இங்கிலாந்து சென்ற யூத வைத்தியர் லுட்விக் குற்மன், 1944இல் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் அவர்களுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். தச்சுவேலையும் தட்டெழுத்தும் கற்பித்தார். கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29ஆம் நாள் பதினாறு பேருடன் அங்கு நடந்த அம்பெய்தற் போட்டியே பின்னர் பராலிம்பிக்காக வளர்ந்தது. அங்கு முதலில் வந்தது பணமன்று. இவர்கள் வாழவேண்டியவர்கள் என்ற முடிவே முதலில் வந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பனையிலிருந்து விழுந்த சீவற்தொழிலாளியும், ஷெல் துண்டு முதுகில் பாய்ந்த இளைஞனும் நம் ஊர்களில் இல்லையா? என் கட்சிக்காரர் ஒருவர் அத்தகையவர். காணி வழக்கில் சாட்சி சொல்ல வந்தார். நீதிமன்ற வாயிலில் ஏழு படிகள். நால்வர் அவரைக் கதிரையோடு தூக்கினர். "ஐயா, சாட்சி சொல்ல எனக்குப் பயமில்லை. மூட்டை மாதிரித் தூக்கிறதுதான் வெட்கமாக் கிடக்கு" என்றார். நான் தலைகுனிந்தேன்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. வலுவிழந்தோரின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் செல்ல வழிசெய்யும் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் உண்டு. 1992இல் காரின்மேல் மரம் விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவரும், இரசாயனவியலாளரும், கிரிக்கெட் நடுவருமான அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்றார். புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைய வேண்டுமென 2009 ஏப்ரல் 27ஆம் நாள் அந்நீதிமன்றம் பணித்தது. 2020இல் காலமாகும்வரை அவர் அப்போராட்டத்தைக் கைவிடவில்லை.

சட்டம் நூலில் இருக்கிறது. படி வாயிலில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நிற்பது நம்முடைய அசட்டை. ஒரு சாய்தளத்துக்கு வேண்டியது சில மூடை சீமெந்தும் ஒரு மேசனின் சில நாள் வேலையும். பிரதேச சபை உறுப்பினர்களே, உங்கள் அலுவலக வாயிலை நாளையே சென்று பாருங்கள். வைத்தியர்களே, வீடு திரும்பியவனைப் படுக்கைப் புண் கொல்லாதபடி அவன் குடும்பத்துக்குப் பயிற்சி கொடுங்கள். சட்டத்தரணிகளே, படியேற முடியாதவனுக்காக ஒரு மனுவேனும் எழுதுங்கள். கமக்காரப் பெருமக்களே, கூட்டுறவுச் சங்கக் கணக்கை எழுதக் கால்கள் தேவையில்லை. அவ்வேலையை அவனுக்குக் கொடுங்கள்.

அனுதாபம் அவன் கேட்கும் பரிகாரமன்று. வழியும் வேலையும் விளையாட்டுத் திடலும் அவன் உரிமை. "அவன் கதை முடிந்தது" என்ற தீர்ப்பு ரத்துச் செய்யப்பட வேண்டும் என்பதே என் மேன்முறையீடு. நீதிபதிகளே, உங்கள் முடிவு என்ன?