தூக்காமல் நகர்த்துதல்

இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறிந்த வாலிபனுக்குப் பெண் கொடுத்த கதையை நாம் இன்னும் பெருமையோடு சொல்லிக்கொண்டிருக்கிறோம். தென்மாவட்ட ஊர்கள் சிலவற்றில் பொங்கலை ஒட்டி அந்தப் போட்டி இப்போதும் நடக்கிறது. அதே கல்லை ஒரு கடப்பாரையும் இரண்டு உருளைத்தடியும் கொண்டு ஊர் எல்லை வரை நகர்த்திவிட்டு, வியர்க்காமல் திரும்பி வந்தவனுக்கு யாரும் பெண் கொடுத்ததாகக் கதை இல்லை. நம் மதிப்பீட்டில் உள்ள கோளாறு இங்கேதான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது. தூக்குவது வீரம், தூக்காமல் நகர்த்துவது ஏதோ குறுக்குவழி.

வீட்டில் இரும்பு பீரோவை இடம் மாற்ற வேண்டும் என்றால் ஆண்கள் என்ன செய்கிறோம்? நாலு பேரைத் திரட்டி, மூலைக்கு ஒருவராகப் பிடித்து, மூச்சை அடக்கித் தூக்குகிறோம். ஒருவர் முந்துகிறார், ஒருவர் பிந்துகிறார். இடுப்புப் பிடிப்போ நசுங்கிய விரலோ மிஞ்சுகிறது. யாரும் வீட்டில் இல்லாத மத்தியானத்தில் அதே பீரோவைத் தனியாளாய் நகர்த்திவிடும் பெண்ணின் முறை வேறு. முதலில் மேல்தட்டுகளைக் காலி செய்கிறாள். கனம் கீழே இருந்தால் பீரோ தலைசாயாது. கதவைப் பூட்டுகிறாள். தோளால் இலேசாகச் சாய்த்து, மடித்த கோணிச்சாக்கைக் காலால் அடியில் தள்ளுகிறாள். மறுபக்கமும் அப்படியே. பிறகு தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் முட்டுக் கொடுத்து, இரு பாதங்களாலும் பீரோவின் அடிப்பகுதியை உந்துகிறாள். உச்சியில் கை வைத்துத் தள்ளினால் கவிழும், அடியில் தள்ளினால் வழுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நகரத் தொடங்கிய பொருளை நடுவில் நிறுத்தக்கூடாது என்பதும் தெரியும். நிற்கும் பொருளை அசைக்கத் தேவைப்படும் விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படுவதைவிட அதிகம் என்று இயற்பியல் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய நாமோ, இரண்டடிக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறோம்.

எரிவாயு சிலிண்டரையும் பார்க்கலாம். உள்ளிருக்கும் வாயு மட்டும் 14.2 கிலோ; இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய முப்பது. அதைச் சற்றே சாய்த்து, அடிவளையத்தின் விளிம்பில் சுழற்றியபடி சமையலறை வரை கொண்டுபோகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். பார்த்து வியந்ததில்லை.

கனமான பொருளை ஒரு காலில் ஊன்றித் திருப்பி, அடுத்த காலில் ஊன்றித் திருப்பி முன்னேற்றுவதை 'நடத்திக்கொண்டு போவது' என்பார்கள். அழகான சொல். பசிபிக் கடலில் உள்ள ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு) மக்கள், தங்கள் முன்னோரின் கற்சிலைகள் தாமே நடந்து வந்ததாகச் சொல்லி வந்தார்கள். வெகுகாலம் அது வெறும் கற்பனையாகவே கொள்ளப்பட்டது. டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ ஆகிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு டன்னுக்கு மேற்பட்ட மாதிரிச் சிலை ஒன்றை மூன்று கயிறுகள் கட்டி, பதினெட்டே பேர் இடவலமாக அசைத்து நடத்திக் காட்டினார்கள். பழைய சிலைகள் எல்லாம் இப்படித்தான் வந்தனவா என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் 'நடந்து வந்தது' என்பது ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகவும் இருக்கக்கூடும் என்று நிறுவ அறிவியல் அத்தனை தூரம் சுற்றி வர வேண்டியிருந்தது.

நாமும் நம் சொற்களுக்கு இதே அநீதியைத்தான் இழைக்கிறோம். 'முட்டுக்கட்டை' என்றால் இன்று தடை, இடையூறு என்றே பொருள் கொள்கிறோம். அரசியல் செய்திகளில் அது இல்லாத நாளில்லை. தேரோடும் வீதியில் போய் நின்று பார்க்க வேண்டும். வடம் பிடிப்பவர்களுக்குத் தேரை இழுக்க மட்டுமே தெரியும். எந்தச் சக்கரத்தின் கீழ் எந்தக் கோணத்தில் கட்டையைச் செருகினால் தேர் முனையில் திரும்பும், எங்கே நிற்கும் என்பதைக் கணிப்பவர் முட்டுக்கட்டை போடுகிறவர். தவறினால் போவது அவருடைய கால். நெம்புதல், உந்துதல், புரட்டுதல், அண்டைகொடுத்தல், ஆப்பு வைத்தல் என ஒவ்வொன்றும் வேறுவேறான செயல். நம் எழுத்தில் இவை அனைத்துக்கும் 'தள்ளினான்' ஒன்றே போதுமாக இருக்கிறது.

வீடு மாற்றும்போது சாமான் ஏற்ற வருகிறவர்களிடம் நாம் பேசும் பேரத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். "நாலு பேர் பிடித்தால் முடிகிற வேலைக்கு இவ்வளவா?" என்று கேட்கிறோம். வந்தவர் முதலில் பீரோவைத் தொடுவதே இல்லை. மாடிப்படியின் திருப்பத்தைப் போய்ப் பார்க்கிறார். தோள்துண்டால் நிலையின் அகலத்தை அளக்கிறார். எந்த முனை முதலில் இறங்க வேண்டும் என்று சொல்கிறார். படியில் இறங்கும்போது கீழே நிற்பவர்மீதுதான் பாரம் கூடுதலாக விழும் என்பதால் அந்த இடத்தைத் தாமே எடுத்துக்கொள்கிறார். இதெல்லாம் முடிந்த பிறகே கை வைக்கிறார். ஒரு ஆண் தொழிலாளி தனியாகத் தூக்கும் எடை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வழி காண வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்துவிட்டது. நாமோ சிக்கனம் கருதி ஓர் ஆளைக் குறைத்துவிட்டு, எஞ்சியவர்களிடம் "கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளப்பா" என்கிறோம். அளந்த கூலியில் தசைக்கான விலை இருக்கிறது. படித்திருப்பத்தில் நின்று அவர் யோசித்த அந்த ஐந்து நிமிடத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.