பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்க்கிற சர்க்கார்



"கண்காணிக்க ஆள் இல்லை." பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தொழிலாளர் இலாகா சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில் இது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் வரவில்லை என்று மனுக் கொடுத்தால் ஆள் இல்லை. குழந்தைக் காப்பகத்தில் பூட்டுத் தொங்குகிறது என்றால் ஆள் இல்லை. டார்கெட் முடியவில்லை என்று பீஸை எடுத்து முகத்தில் எறிகிற சூபர்வைசரைப் பற்றிச் சொன்னால், அதை எப்படியம்மா நிரூபிப்பது என்று திருப்பிக் கேட்கிறார்கள். பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் மைசூர் ரோட்டிலும் இத்தனை தொழிற்சாலைகள், இத்தனை ஆயிரம் பேர், ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்க முடியுமா என்கிறார்கள்.

முடியும் என்கிறோம் நாங்கள். முடியும் என்பதற்குச் சாட்சி அதே சர்க்காரின் இன்னொரு இலாகாவில் இருக்கிறது. அதன் பெயர் சுங்க இலாகா.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களுக்குச் சரக்கு வகைப்பாடு புதிய விஷயமல்ல. ஒரு மூட்டையில் என்ன இருக்கிறது என்று எழுதித் தந்தால்தான் ரயிலில் ஏறும். பொய்யாக எழுதினால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். ஆனால் துணி விஷயத்தில் சுங்கக்காரர்கள் வைத்திருக்கும் புத்தகத்தைப் பார்த்தால் எங்கள் சரக்குப் புத்தகம் குழந்தைப் பாடம்தான். உலக நாடுகள் 1988இல் பொதுவாக ஏற்றுக்கொண்ட எண் முறை அது. இந்தியா அதற்கு முன்பே 1986இல் தன் சுங்கத் தீர்வைப் பட்டியலை அந்த முறைக்கு மாற்றிக்கொண்டது. 50ஆம் அத்தியாயம் பட்டு, 51 கம்பளி, 52 பருத்தி என்று தொடங்கி 63 வரைக்கும் இழையும் துணியும் ஆடையும்தான். பின்னல் துணியில் தைத்த ஆடை என்றால் 61. தறியில் நெய்த துணியில் தைத்தது என்றால் 62. பனியனும் சட்டையும் ஒரே பீரோவில் கிடக்கலாம், சுங்கப் புத்தகத்தில் ஒரே அத்தியாயத்தில் கிடக்க முடியாது.

அதோடு விட்டார்களா? சட்டையின் முன்பக்கம் இடதுபுறம் வலதுபுறத்தின் மேல் வந்து மூடினால் அது ஆண் சட்டை, வலது இடதின் மேல் வந்தால் பெண் சட்டை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 86 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத பிள்ளை போடுவது குழந்தை உடை, அதற்கு மேல் போனால் வேறு எண். பின்னல் சட்டையில் இடுப்புக்குக் கீழே பை வைத்துவிட்டால், சட்டைக்கென்று உள்ள தலைப்பிலிருந்தே அது வெளியேற்றப்படுகிறது. நாம் சிரிக்கலாம். ஆனால் அந்த எண்தான் வரியைத் தீர்மானிக்கிறது, வரிதான் ஆர்டரைத் தீர்மானிக்கிறது, ஆர்டர்தான் திங்கட்கிழமை காலையில் கேட் திறக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஓர் உதாரணம் போதும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி என்றால் எடையில் எது அதிகமோ அதன் பெயரில்தான் வகை. அமெரிக்கா போகிற ஒரு டி-சட்டையில் பருத்தி 55, பாலியஸ்டர் 45 என்றால் அங்குள்ள அடிப்படை வரி 16.5 சதவீதம். அதையே புரட்டிப் போட்டுப் பாலியஸ்டர் 55 என்று ஆக்கினால் 32 சதவீதம். லைனில் உட்கார்ந்து தைக்கிற தங்கைக்கு இரண்டும் ஒரே தையல், ஒரே டார்கெட், ஒரே சம்பளம். ஒரு நாள் அந்த ஸ்டைல் திடீரென்று நின்று போகும், லைனே கலையும். ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

இங்கே வருகிற துணிக்கும் இதே கண்கொத்திக் கவனிப்புதான். ஏற்றுமதி ஆடைக்காகச் சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் துணி, ஜிப், பொத்தான், லேபிள் எல்லாம் வரி இல்லாமல் இறக்குமதி செய்துகொள்ள முதலாளிக்கு லைசென்ஸ் உண்டு. அட்வான்ஸ் ஆதரைசேஷன் என்பது அதன் பெயர். ஆனால் இத்தனை சட்டைக்கு இத்தனை மீட்டர், வெட்டில் போகும் கழிவு இவ்வளவு என்று கணக்குக் காட்டியாக வேண்டும். குறித்த காலத்தில் ஏற்றுமதி முடியாவிட்டால் விட்ட வரியை வட்டியோடு கட்ட வேண்டும். மலிவு விலைப் பின்னல் துணி வந்து குவிகிறது என்று லூதியானாவிலும் திருப்பூரிலும் கூக்குரல் எழுந்தது. உடனே 2024 மார்ச்சில் செயற்கை இழைப் பின்னல் துணிகளில் சில வகைகளுக்குக் கிலோவுக்கு மூன்றரை டாலர் என்று அடிவிலை கட்டினார்கள். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒன்பது வகைப் பின்னல் துணிகளுக்கு 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது என்றார்கள். குறைந்த வரிச் சலுகையில் வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு உண்மையில் அந்த நாட்டில்தான் உருவானதா என்று இறக்குமதியாளனையே கேட்டு ஆதாரம் வாங்க 2020இல் தனி விதியே வந்தது. திருப்பூர் உறவுகளின் பிழைப்பைக் காக்க இது வேண்டியதுதான், நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் கேள்வி வேறு. துணிக்கு அடிவிலை கட்டத் தெரிந்த கை, கூலிக்கு அடிவிலை கட்டினால் மட்டும் அதை ஏன் காகிதத்திலேயே விட்டுவிடுகிறது?

தண்டனையைப் பாருங்கள். சுங்கச் சட்டம் 1962, பிரிவு 114ஏஏ. சரக்கைப் பற்றித் தெரிந்தே பொய்க் கணக்குக் கொடுத்தால் சரக்கு மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதம். கூலிச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. தர வேண்டிய கூலியைக் குறைத்துக் கொடுத்தால் முதல் தடவை ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான்! இன்ஸ்பெக்டர் என்ற பெயரைக்கூட அந்தச் சட்டம் தனியே விட்டுவைக்கவில்லை, 'இன்ஸ்பெக்டர்-கம்-ஃபெசிலிடேட்டர்' ஆக்கிவிட்டது. துணியைச் சோதிக்க அதிகாரி. தொழிலாளியின் வயிற்றைச் சோதிக்க வருகிறவர் முதலாளிக்கு உதவியாளர்.

புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குச் சாதகமாகவே எழுதப்படும் என்பது பழைய கதை. 1896இல் வெள்ளைக்காரன் லங்காஷயர் ஆலைக்காரர்களின் மனம் கோணாமல் இருக்க, இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீதம் வரி போட்டுவிட்டு, இந்திய ஆலைத் துணிக்கும் அதே மூன்றரை சதவீதம் கலால் போட்டான். 1925இல்தான் அந்த அநியாயம் நின்றது. பெங்களூர் பின்னி மில்லில் நூல் பிடித்த நம் பாட்டன்மார் காலத்துக் கணக்கு இது.

இன்றைய கணக்குக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ஆகஸ்ட் 27 முதல் அதை 50 ஆக்கியது. அடிப்படை வரிக்கு மேலே இது. அந்த மாதங்களில் நம் பகுதிகளில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. இன்னொன்றில் "ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம்" என்று ஹெல்பர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை சங்க அறைக்கு வந்த தருமபுரிப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டார்: "ஏன் அண்ணே, அமெரிக்காக்காரன் வரி போட்டா அதை அமெரிக்காக்காரன்தானே கட்டணும்? என் சம்பளத்துல எதுக்கு நிறுத்துறாங்க?"

பொருளாதாரப் படிப்பு இல்லாத அந்த அம்மாள் கேட்டதுதான் சரியான கேள்வி. சட்டப்படி அந்த வரியைக் கட்டுவது அங்கே சரக்கை இறக்குகிற கம்பெனி. அவன் இங்குள்ள முதலாளியிடம் விலையைக் குறை என்கிறான். முதலாளி அதை மேனேஜரிடம் தள்ளுகிறான், மேனேஜர் லைனுக்குத் தள்ளுகிறான். அதற்குக் கீழே தள்ள ஆள் இல்லை.

நெருக்கடி பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. நெருக்கடியில் யாருடைய மனு எத்தனை நாளில் கேட்கப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள் என்கிறோம். இறக்குமதிப் பஞ்சுக்கு 2021 முதல் இருந்த 11 சதவீத வரியை எடுங்கள் என்று ஆலை முதலாளிகள் கேட்டார்கள். அமெரிக்காவின் 50 சதவீதம் விழுவதற்கு எட்டு நாள் முன்பே, ஆகஸ்ட் 19ஆம் தேதியே எடுத்துவிட்டார்கள். முதலில் செப்டம்பர் முடிய, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டிப்பு. பருத்தி விவசாயியிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது நம் மனுவைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் வர வேண்டிய பஞ்சப்படி மாதம் 417 ரூபாய். கொரோனாவைக் காரணம் காட்டி அந்த ஜூலையில் கர்நாடக அரசு அதை ஓராண்டு தள்ளி வைத்தது. சங்கங்கள் உயர்நீதிமன்றம் வரை போயின. வெளிநாட்டு பிராண்டுகளின் வாசலில் முழக்கம் எழுந்தது. பல கம்பெனிகள் பாக்கியைக் கையில் கொடுத்தபோது 2022 ஆகிவிட்டது. பஞ்சுக்குச் சில வாரம், பஞ்சப்படிக்கு இரண்டு வருஷம்!

2019 முதல் ஏற்றுமதி ஆடைகளுக்கு மத்திய, மாநில வரிகளைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் தனியாக வந்தது. சுங்கத் தீர்வைத் திரும்பப் பெறும் டிராபேக் அதற்கு முன்பே இருந்தது. இவையும் அந்த எண் வரிசைப்படிதான் கணக்கிடப்படுகின்றன. ஆகவே எந்தக் கம்பெனி எந்த எண்ணில் எத்தனை சட்டை அனுப்பியது, எவ்வளவு பணம் திரும்பப் பெற்றது என்பது சர்க்காரின் கம்ப்யூட்டரில் பீஸ் பீஸாக இருக்கிறது. அந்தச் சட்டைகளைத் தைக்க எத்தனை மணி நேரம் பிடித்தது, அந்த மணிகளுக்குக் கூலி போனதா என்பது மட்டும் எங்கும் இல்லை.

"சுங்கக்காரனுக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம்?" என்று படித்தவர்கள் சிலர் கேட்பார்கள். சம்பந்தம் உண்டு, அதுவும் நம் திண்டுக்கல்லிலேயே உண்டு. கட்டாய உழைப்பில் உருவான பொருளை இறக்குமதி செய்யக்கூடாது என்று அமெரிக்கச் சட்டத்தில் 1930 முதல் ஒரு பிரிவு இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் நிறுவனத்தைச் சேர்ந்த நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். பாலியல் தொல்லையைப் பற்றி மற்றப் பெண்களும் வாய் திறந்தார்கள். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. 2022 ஏப்ரலில் அந்த நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் என்ற பிராண்டோடும் ஒப்பந்தம் போட்டது. வன்கொடுமையை லைனிலேயே கவனித்துத் தடுக்கும் அதிகாரம் பெண் தொழிலாளர்களின் கைக்கு வந்தது. அதன் பிறகு, 2022 ஜூலை 29 அன்று, அமெரிக்கச் சுங்க இலாகா அந்த ஆலையின் ஆடைகளைத் துறைமுகத்தில் நிறுத்திவைக்க உத்தரவு போட்டது. செய்த திருத்தங்களைக் காட்டிய பிறகு செப்டம்பர் 7ஆம் தேதி தடை நீங்கியது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. பொத்தானைப் பார்க்கிற சுங்க இலாகாவுக்குத் தையற்காரியின் நிலையையும் பார்க்க முடியும். ஆனால் அமெரிக்கச் சுங்கக்காரனை நம் காவல் தெய்வமாக எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. பெண்கள் போராடி ஒப்பந்தம் வாங்கிய பிறகுதான் அவன் கதவைச் சாத்தினான். அந்த ஐந்தரை வாரத்தில் ஆர்டர் போனால் அதே பெண்களின் அடுப்புத்தான் அணைந்திருக்கும். வெளிநாட்டுத் தடை என்பது கூர்மையான கத்தி, சங்கம் பலமாக இல்லாத இடத்தில் அது முதலில் நம் கையைத்தான் வெட்டும். ஆகவே அந்த அதிகாரம் இங்கே, நம் சர்க்காரிடம், நம் சங்கங்கள் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

எப்படி? புதிய இலாகா வேண்டாம், புதிய ஆள் வேண்டாம். டிராபேக் கேட்டு, வரித் திருப்பம் கேட்டு, வரியில்லா இறக்குமதி கேட்டுக் கம்பெனி கொடுக்கும் அதே மனுவோடு அந்த மாதத்துச் சம்பளப் பட்டியல், பி.எஃப். கட்டிய ரசீது, ஓவர்டைம் கணக்கு மூன்றையும் இணைக்கச் சொல்லுங்கள். கூலி பாக்கி இருந்தால் சலுகை நிற்கட்டும். பொய்க் கணக்கு என்றால் 114ஏஏ போல மடங்குக் கணக்கில் அபராதம் விழட்டும். அந்தப் பட்டியலைத் தொழிற்சாலை நோட்டீஸ் போர்டில் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஒட்டட்டும். மொழியில் தகராறு வேண்டாம். பக்கத்து மெஷினில் இருப்பது கன்னடச் சகோதரி, அடுத்ததில் ஒடிசாப் பெண், மூவருக்கும் ஒரே டார்கெட்.

ரயில்வேக்காரர்கள் என்ற முறையில் இதையும் சொல்லிவிடுகிறோம். நாட்டின் முதல் உள்நாட்டுக் கன்டெய்னர் டிப்போ 1981இல் பெங்களூரில்தான் அமைந்தது, ரயில்வேயின் பொறுப்பில். இன்று ஒயிட்ஃபீல்டில் இருக்கிற டிப்போவிலேயே சுங்கச் சோதனை முடிந்து, சீல் வைத்துப் பெட்டி துறைமுகத்துக்குப் போகிறது. சோதனை நம் ஊரிலேயே நடக்கிறது. காகிதத்தில் மூன்று தாள் கூடினால் ரயில் தாமதமாகாது.

இதை நமக்காக வேறு யாரும் கேட்கப் போவதில்லை. 2016இல் பி.எஃப். பணத்தை 58 வயது வரை முடக்கும் விதி வந்தபோது, தலைவர்கள் மேடை போடுவதற்கு முன்பே ஓசூர் ரோட்டில் இறங்கியவர்கள் நம் பெண்கள்தான். இரண்டே நாளில் மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

அடுத்த கூட்டத்துக்கு வரும் தாய்மார்களுக்கு ஒரு வேலை தருகிறோம். தைக்கிற ஆடையின் லேபிளில் இருக்கும் பிராண்டின் பெயர், ஸ்டைல் நம்பர், பருத்தி எத்தனை பாலியஸ்டர் எத்தனை, எந்த நாட்டுக்குப் போகிறது, இந்த நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாருங்கள். லேபிளை எடுத்து வர வேண்டாம், கேட்டில் சோதனை போட்டுத் திருட்டுப் பழி சுமத்துவார்கள். மனதில் வைத்து வெளியே வந்து எழுதுங்கள். எந்தக் கம்பெனி, எந்தச் சரக்கு, எந்தச் சலுகை என்ற பட்டியலை நாங்கள் தயாரிக்கிறோம். மனுவில் அந்த எண்களோடு உங்கள் பாக்கிக் கூலியும் சேர்ந்து போகும்.