கூச்சம் வேண்டாம், விலையை எழுதுவோம்

குருபோங்கில் நாங்கள் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதியில், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எண்ணெய்ச் சட்டியின் மணம் வீதியில் பரவத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளியிருக்கும் அத்தை முறுக்குப் பிழிவார். அதோடு அச்சு முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை எனப் பலவற்றையும் செய்து, சிவப்பு மூடி போட்ட போத்தல்களில் அடைத்து விற்பார். அவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் வெட்டிய தம் தாயாரிடம் கைப்பக்குவம் கற்றவர். அவருடைய முறுக்கை ஒருமுறை சுவைத்தவர்கள் மறுமுறையும் அவரையே தேடி வருவார்கள்.

ஆனால், அந்த ஒரு மாதமும் அத்தையின் திறன்பேசி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். “அக்கா, முறுக்கு என்ன விலை?” “ஒரு போத்தலில் எவ்வளவு இருக்கும்?” “அச்சு முறுக்கில் முட்டை போட்டிருக்கிறதா?” “செங் வரைக்கும் கொண்டு வந்து கொடுப்பீர்களா?” ஒரே கேள்விக்கு ஒரு நாளில் இருபது முறை பதில் சொல்ல வேண்டும். கையெல்லாம் மாவாக இருக்கும்போது எப்படிப் பதில் சொல்வது? சிலருக்குப் பதில் போகாமலே இருந்துவிடும். அவர்கள் வேறிடத்தில் வாங்கிவிடுவார்கள்.

ஓராண்டு, இருபது போத்தல் முறுக்குக் கேட்ட ஒருவர் பெரிய போத்தல் என்று நினைத்திருந்தார். அத்தையோ சிறிய போத்தலில் அடைத்து வைத்திருந்தார். வாசலில் நின்று இருவரும் வருத்தத்தோடு பேசிக்கொண்டதை நான் கண்டேன். இருவருமே பொய் சொல்லவில்லை. போத்தலின் அளவை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. ஒரு தொழில் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதற்கு ஒரு பொருள் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலில் விலை ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்க வேண்டும். இதுவே என் உறுதியான கருத்து.

பட்டியல் என்றவுடன், பளபளப்பான தாளில் அச்சிட்ட தடித்த புத்தகம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அது பெரிய நிறுவனங்களுக்கு உரியது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1872ஆம் ஆண்டு ஆரன் மாண்ட்கமரி வார்ட் என்பவர் வெளியிட்ட முதல் பட்டியல் ஒரே ஒரு தாள்தான். அதில் 163 பொருள்களும் அவற்றின் விலையும் இருந்தன. அதுவரை, சிற்றூர்களில் வாழ்ந்த உழவர்கள் பக்கத்துக் கடைக்காரர் சொன்ன விலைக்கே பொருள் வாங்க வேண்டியிருந்தது. வார்டின் தாள் கைக்கு வந்த பிறகு, ஒரு பொருளின் விலை என்னவென்று வீட்டில் இருந்தபடியே அவர்களால் அறிய முடிந்தது. பொருள் பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் 1875இல் அவர் வாக்களித்தார். ஒரு தாளில் தொடங்கிய அந்த வணிகம், பின்னாளில் பல நூறு பக்கங்கள் கொண்ட பட்டியலாக வளர்ந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் மலாக்காவையே பார்க்கலாம். போர்த்துகீசியரான தோமே பீரஸ், 1512க்கும் 1515க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ‘சுமா ஓரியெந்தால்’ என்னும் நூலை எழுதினார். சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் துணிகள், மாலுக்குவிலிருந்து கிராம்பு, பண்டாவிலிருந்து ஜாதிக்காய், சீனத்திலிருந்து பட்டும் பீங்கானும் என்று மலாக்கா துறைமுகத்திற்கு வந்த பொருள்களை அவர் அதில் விரிவாகக் குறித்து வைத்தார். எந்த ஊரார் என்ன கொண்டு வந்தார்கள், என்ன வாங்கிச் சென்றார்கள் என்பதை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அறிகிறோம் என்றால், ஒருவர் அதை எழுதி வைத்ததுதான் காரணம்.

தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்களுக்கோ வேறுவிதமான எழுத்துதான் பழக்கம். கடையில் அரிசி, பருப்பு, கருவாடு எனக் கடனுக்கு வாங்குவார்கள். வாங்கியவை ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் ஏறும். சம்பள நாளில் கணக்குத் தீரும். வாங்கிய பின்னர்தான் விலை எழுத்தில் வரும். வாங்குவதற்கு முன்பே விலையைப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்புப் பலருக்கு இருந்ததில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று நாமே விற்பவர்களாகி இருக்கிறோம். வாங்குபவருக்கு அந்த வாய்ப்பை நாம் கொடுக்க வேண்டாமா?

இப்போது பலர் முகநூலிலும் புலனத்திலும் பொருளின் படத்தைப் போடுகிறார்கள். ஆனால், விலை இருக்க வேண்டிய இடத்தில் “விலை அறியத் தனிச்செய்தி அனுப்புங்கள்” என்று எழுதுகிறார்கள். இது நல்ல பழக்கமன்று. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் போனால் தவறாக எண்ணுவார்களோ என்று தயங்கியே பலர் கேட்காமல் விலகிவிடுகிறார்கள். ஆளுக்கொரு விலை சொல்வார்களோ என்ற ஐயமும் எழுகிறது. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், இணையம்வழி விற்பவர்களுக்கென 2012இல் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. வணிகரின் பெயர், தொடர்பு கொள்ளும் வழி, பொருளின் முக்கியத் தன்மைகள், போக்குவரத்துச் செலவு உள்ளிட்ட முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் கைக்கு வந்துசேரும் காலம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று அவை கூறின. இவற்றை வரிசையாக எழுதினாலே ஒரு நல்ல பட்டியலின் பாதி ஆயத்தமாகிவிடும்.

மீதிப் பாதி, பொருளைப் பொறுத்தது. உண்ணும் பொருளாக இருந்தால் எடை, சேர்மானங்கள், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பவை கட்டாயம் வேண்டும். அச்சு முறுக்கில் முட்டை சேர்ப்பது நம் ஊர் வழக்கம். விரதம் இருப்பவருக்கு அது தெரிய வேண்டும். நெய் உருண்டையில் முந்திரி இருப்பது, முந்திரி ஒவ்வாதவருக்குத் தெரிய வேண்டும். சிலருக்கு இது உயிர் தொடர்பான செய்தி. மலாய்க்கார அண்டை வீட்டாரும் சீன நண்பர்களும் நம்மிடம் வாங்குவதால், தமிழோடு மலாய் மொழியிலும் எழுதுவது நல்லது. ஆனால், முறையான சான்றிதழ் பெறாமல் ஹலால் முத்திரையைப் பட்டியலில் போடக்கூடாது. அது சட்டப்படி குற்றமாகும்.

படத்திலும் நேர்மை வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அழகான முறுக்குப் படத்தை எடுத்து நம் பட்டியலில் ஒட்டுவது எளிது. ஆனால், அது நாம் சுட்ட முறுக்கன்று. வாங்கியவர் மூடியைத் திறந்தவுடன் உண்மை தெரிந்துவிடும். சன்னல் ஓரத்தில், பகல் வெளிச்சத்தில், திறன்பேசியிலேயே நம் பொருளைப் படம் எடுக்கலாம். பக்கத்தில் ஒரு தேநீர்க் குவளையை வைத்தால் போத்தலின் அளவும் விளங்கிவிடும்.

பட்டியல், வாங்குபவருக்கு மட்டுமே பயன்படும் என்று நினைக்க வேண்டாம். விற்பவருக்கும் அது கண்ணைத் திறந்துவிடும். அத்தையின் மகளும் நானும் சேர்ந்து அவருக்குப் பட்டியல் தயாரிக்க அமர்ந்தபோது இதை நேரில் கண்டோம். ஒரு முறை மாவு பிசைந்தால் 20 போத்தல் முறுக்கு வரும். மாவு, எண்ணெய் முதலிய பொருள்களுக்கு 38 ரிங்கிட், எரிவாயுவுக்கு 4 ரிங்கிட், போத்தல்களுக்கு 18 ரிங்கிட். ஆக மொத்தம் 60 ரிங்கிட். ஒரு போத்தலுக்கு 3 ரிங்கிட் செலவு. அத்தை 5 ரிங்கிட்டுக்கு விற்றார். “ஒரு போத்தலுக்கு 2 வெள்ளி லாபம்தானே!” என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்.

“எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள், அத்தை?” என்று கேட்டேன். அவரும் மகளும் ஆளுக்கு நான்கு மணி நேரம் உழைக்கிறார்கள். மொத்தம் எட்டு மணி நேரம். கிடைப்பது 40 ரிங்கிட். அப்படியானால், ஒரு மணி நேர உழைப்புக்கு 5 ரிங்கிட்தான். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் மாதத்திற்கு 1,700 ரிங்கிட் என உயர்த்தப்பட்டது. மணிக்குக் கணக்கிட்டால் அது 8.72 ரிங்கிட். அடுப்பின் சூட்டில் நின்று உழைக்கும் அத்தைக்கு அந்தத் தொகைகூடக் கிடைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக அவர் தம் உழைப்புக்கு விலையே போட்டதில்லை. விலையை எழுதும் நிலை வந்தபோதுதான் அது தெரிந்தது. போத்தல் 6 ரிங்கிட் 50 சென் என்று எழுதினால், மணிக்கு 8 ரிங்கிட் 75 சென் கிடைக்கும். எழுதுகோலைப் பிடித்தபடி அத்தை நெடுநேரம் யோசித்தார். “தெரிந்தவர்களிடம் எப்படி இந்த விலையைச் சொல்வது?” என்றார்.

இந்தக் கூச்சம்தான் நம்மவர்களின் சிறுதொழில்களுக்குப் பெருந்தடையாக இருக்கிறது என்பேன். சொந்தக்காரர், ஒரே தோட்டத்துக்காரர், கோயிலில் பார்த்துப் பழகியவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விலை சொல்கிறோம். பிறகு, “அவருக்கு மட்டும் குறைத்துக் கொடுத்தாயே” என்ற மனத்தாங்கல் வருகிறது. எழுதிய விலை எல்லாருக்கும் ஒன்றே. அது உறவைக் கெடுக்காது. மாறாக, உறவுக்குள் விலைப் பேச்சு நுழையாமல் காக்கும். அன்புக்கு உரியவருக்குக் கூடுதலாக ஒரு கைப்பிடி கொசுறு போடுவதை எந்தப் பட்டியலும் தடுக்கப்போவதில்லை.

விலையை வெளியிட்டால் போட்டியாளர்கள் அதைப் பார்த்துக் குறைத்து விற்பார்கள் என்று ஒரு சாரார் கூறுவர். உண்மைதான். ஆனால், வாங்குபவரைப்போலத் தொலைபேசியில் கேட்டாலும் அவர்களுக்கு அந்த விலை தெரிந்துவிடும். மறைப்பதால் நாம் இழப்பது வாடிக்கையாளரை மட்டுமே. விலையைப் பார்த்து எழுதலாம். கைப்பக்குவத்தை அப்படி எழுத முடியாது.

எண்ணெய் விலையும் மாவு விலையும் மாறிக்கொண்டே இருக்கும்போது பட்டியலால் என்ன பயன் என்று வேறு சிலர் கேட்பர். இதுவும் நியாயமான கேள்வியே. பட்டியலின் அடியில், இந்த விலை எந்த நாள்வரை செல்லும் என்று ஒரு வரி எழுதினால் போதும். திறன்பேசியில் இருக்கும் பட்டியலை நொடியில் மாற்றிவிடலாம். புலனத்தின் வணிகச் செயலியில் 2019 முதல் பொருள் பட்டியலுக்கென்றே ஒரு பகுதி உள்ளது. படம், விலை, விளக்கம் மூன்றையும் அதில் பதிவேற்றலாம். திறன்பேசி பழகாத பெரியவர்களுக்காக ஒரு தாளில் அச்சிட்டு வாசலிலும் தெரிந்த கடையிலும் ஒட்டி வைக்கலாம். ஒரு தாளை நகலெடுக்கச் சில சென்தான் ஆகும்.

அத்தையின் பட்டியலில் முதலில் ஒன்பது பலகாரங்கள் இருந்தன. கணக்குப் பார்த்தபின் ஆறாகக் குறைந்தன. அதிரசத்திற்கு உழைப்பு மிகுதி, வரவு குறைவு என்பதால் அதை முன்பதிவு செய்பவர்களுக்கு மட்டும் என்று எழுதினோம். புதிய விலையைப் பார்த்து இரண்டு பேர் வாங்காமல் போனார்கள். அதை மறைக்க விரும்பவில்லை. மற்றவர்கள் பட்டியலைப் பார்த்து, எந்தப் பலகாரம், எந்த அளவு, எத்தனை போத்தல் என்று ஒரே செய்தியில் எழுதி அனுப்பினார்கள். அந்தத் தீபாவளிக்கு முதல் நாள் மாலை, அத்தை அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து அமர்ந்து தேநீர் அருந்தினார். முந்தைய ஆண்டுகளில் அந்த நேரத்தில் அவரை வீட்டு வாசலில்கூடப் பார்க்க முடியாது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பலகாரம் செய்பவர், பூ தொடுப்பவர், துணி தைப்பவர், மருதாணி இடுபவர் எவரேனும் இருக்கலாம். அவர்களுக்குத் தொழில் தெரியும். எழுதி வைக்க நேரமில்லை. உங்களுக்குத் தமிழும் மலாயும் எழுதத் தெரியும். படம் எடுக்கத் தெரியும். கூட்டிக் கழித்துக் கணக்கும் போடத் தெரியும். ஒரு சனிக்கிழமை மாலையில் அவர்களோடு அமருங்கள். என்ன பொருள், என்ன அளவு, என்ன விலை என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் உழைக்கிறீர்கள் என்றும் மறவாமல் கேளுங்கள். அந்தக் கேள்வியை இதுவரை அவர்களிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.