சோதிக்காத ரத்தமும் இரண்டரை சதவீதமும்

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, அவர்களில் 71 சதவீதத்தினரின் சாவுக்குக் காரணம் அதிவேகம். மது, போதைப்பொருள் இரண்டுக்கும் சேர்த்து எழுதப்பட்ட பங்கு சுமார் 2.5 சதவீதம். ‘குடியைப் பற்றி வீணாகக் கூச்சல் போடுகிறார்கள், ஆளைக் கொல்வது வேகம்தான்’ என்ற எண்ணம் நன்றாகப் படித்தவர்களிடமும் வேரூன்றியிருப்பதற்கு இந்தச் சின்ன எண்ணே ஆதாரம்.

அந்த எண்ணம் தவறு. 2.5 என்பது அளந்து பெற்ற எண்ணே அல்ல.

விபத்து நடந்த இடத்துக்கு வரும் காவலர் படிவத்தில் ஒரு காரணத்தைக் குறிக்கிறார். நொறுங்கிய பம்பரும் சாலையில் தேய்ந்த டயர்த் தடமும் கண்முன் கிடக்கின்றன. ‘அதிவேகம், அஜாக்கிரதை’ என்று எழுத அவை போதும். போதை என்று எழுத ஊதும் கருவியின் சீட்டோ ரத்தப் பரிசோதனை முடிவோ வேண்டும். குடித்ததால்தான் ஒருவர் வேகமாக ஓட்டினார் என்றாலும் கணக்கு வேகத்தின் பெயரில்தான் ஏறும்.

மருத்துவமனையிலும் இதே கதை. நள்ளிரவில் விபத்துப் பதிவேட்டை எழுதும் மருத்துவரிடம், “குடிச்சிருந்தார்னு எழுதிடாதீங்க டாக்டர், இன்சூரன்ஸ் வராதுங்கறாங்க” என்று உறவினர்கள் கெஞ்சுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வராது; தனிநபர் விபத்துக் காப்பீட்டில் போதையில் நேர்ந்த சாவுக்குப் பணம் மறுக்கப்படுவது வழக்கம்தான். நெடுஞ்சாலை மதுக்கடைகளை அகற்றச் சொன்ன கே. பாலு வழக்கின் தீர்ப்பில், 2016 டிசம்பரில், உச்ச நீதிமன்றமே இழப்பீடு போய்விடக் கூடாதென்று குடியைக் குறைத்துக் காட்டும் போக்கு இருப்பதைச் சுட்டிக்காட்டியது.

நேரமும் சாட்சியத்தை அழிக்கிறது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மது மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும். சட்ட வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 30. இரவு ஒன்பது மணிக்கு 80 இருந்தவர், தாலுகா மருத்துவமனையிலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு ஒரு மணிக்கு ரத்தம் கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் அவர் குடிக்காதவர்.

குடித்தவர் செத்தால் குடிதான் காரணமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்கு விடை கண்டு அறுபது ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ராபர்ட் போர்கன்ஸ்டைன் குழுவினர், விபத்துகள் நடந்த அதே இடங்களில், அதே கிழமை, அதே நேரத்தில், விபத்தில் சிக்காத ஓட்டுநர்களையும் நிறுத்தி ஊதவைத்தார்கள். இரு தரப்பையும் ஒப்பிட்டபோது, போதை ஏற ஏற ஆபத்து எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது தெரிந்தது. 1964இல் முடிவு வெளியானது. ‘காயம்படுவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் குடித்தீர்களா, போன வாரம் இதே நேரத்தில்?’ என்று காயம்பட்டவரிடமே கேட்டு அவரை அவரோடே ஒப்பிடும் முறையும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அவசரப் பிரிவுகளில் நடத்திய பன்னாட்டு ஆய்வில் பெங்களூருவின் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமும் பங்கேற்றது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பரிசோதிக்கப்படாத ஓட்டுநரைக் குடிக்காதவர் என்று எடுத்துக்கொள்வதில்லை. கிடைத்த தகவல்களை வைத்து அவர் குடித்திருக்கும் வாய்ப்பை மதிப்பிடுகிறது. 2022இல் அங்கே வரம்பை மீறிக் குடித்த ஓட்டுநர் சம்பந்தப்பட்ட விபத்துகளில் நேர்ந்த சாவுகள் 13,524, மொத்தத்தில் 32 சதவீதம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் வரம்பு 80. நமது வரம்பைவிடத் தளர்வானது. இங்கே பெண்களில் மிகப் பெரும்பாலோர் குடிப்பதில்லை, ஆகவே 32 நமக்கும் பொருந்தும் என்று யாரும் வாதிட வேண்டியதில்லை. ஆனால் கடுமையான வரம்பு வைத்த நாட்டில் 2.5, தளர்ந்த வரம்பு வைத்த நாட்டில் 32 என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் படிவத்தை.

இதில் அதிகம் ஏமாற்றப்படுகிறவர்கள் குடிக்காதவர்கள். உலக அளவில் 2019இல் மதுவோடு தொடர்புடைய சாலைச் சாவுகள் 2,98,000. அவற்றில் 1,56,000 பேர் பிறருடைய குடியால் இறந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாலைக்கு வெளியே குடியால் கிணற்றில் விழுந்தவர், மாடியிலிருந்து தவறியவர், கைகலப்பில் குத்துப்பட்டவர் ஆகியோருக்குப் போக்குவரத்து அறிக்கையில் இடமே இல்லை.

விபத்தில் இறந்த ஒவ்வொருவரின் உடற்கூறாய்விலும் ரத்தம் எடுத்து, சோடியம் ஃபுளோரைடு சேர்த்துப் பாதுகாத்து, தாமதமின்றிப் பரிசோதிக்க வேண்டும். அழுகத் தொடங்கிய உடலில் மது தானாகவே உருவாகும் என்பதால் தாமதம் இரு பக்கமும் பொய் சொல்லும். அறிக்கையில் ‘சோதிக்கவில்லை’ என்று தனிப் பத்தி ஒன்று வேண்டும். அது வரும்வரை, அந்த 2.5ஐச் சாவுக்கான காரணம் என்ற தலைப்பின் கீழ் அமைச்சகம் அச்சிடக் கூடாது.